லாரி வாங்கும் கண்ணோடு கார் வாங்குங்கள்

சேலத்திலும் நாமக்கல்லிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



கொண்டலாம்பட்டிக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் யார் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள் என்பது சாலையோர டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. வண்டி கண்ணில் படும் முன்பே சைலன்சர் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிறார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் பந்தயக் கார்கள் ஓடின. 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் வரும் கேள்வி ஒன்றேதான்: "அக்கா, வேலைக்கும் அதிலேயே போகணும், டிராக்குக்கும் கொண்டுபோகணும். பழசுல என்ன வண்டி எடுக்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்குமாக இந்த மடல்.

எங்கள் வீடு லாரி வீடு. தொழில் சங்ககிரியில், குடியிருப்பு திருச்செங்கோட்டில். ஷோரூமிலிருந்து புதுசாக எங்களிடம் வந்த வண்டிகள் குறைவு, பெரும்பாலும் கைமாறி வந்தவைதான். கணக்கு நோட்டு என் கைக்கு வந்த பிறகுதான் அந்த வியாபாரத்தின் சூட்சுமம் விளங்கியது. பழைய லாரி வாங்குகிறவர் முதலில் டயர் இன்னும் எத்தனை மாசம் தாங்கும் என்று பார்ப்பார். எஃப்.சி. எப்போது, இன்சூரன்ஸ் எவ்வளவு, எஞ்சின் வேலை எப்போது வரும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுவார். கையிலிருக்கும் காசில் அதெல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவோ, அதுதான் அவர் கேட்கும் விலை. இதே வீட்டுப் பிள்ளைகள் கார் வாங்கப் போனால் நிறத்தைப் பார்க்கிறீர்கள், அலாய் வீலைப் பார்க்கிறீர்கள், இருக்கிற காசு மொத்தத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். மூன்றாம் மாசம் டயர் மாற்றக் காசில்லாமல் வண்டி ஷெட்டில் நிற்கிறது. லாரியை வாங்கும் அதே கண்ணோடு காரையும் வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில், எது ஸ்போர்ட்ஸ் கார்? ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். மஸ்டா எம்.எக்ஸ்-5, டொயோட்டா 86 என்று எடை குறைந்த, பின்சக்கரம் தள்ளும் சின்ன வண்டிகள் அங்கே பழைய விலைக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. இரண்டுமே இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. வெளிநாட்டிலிருந்து பழைய காரைத் தருவிக்கலாம் என்றால் வரியும் விதிகளும் சேர்ந்து அந்த ஆசையைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடும். இன்னொரு பக்கம் போர்ஷே, ஆடி டி.டி. என்று சில பழைய வண்டிகள் கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கண்ணடிக்கும். பத்து வருஷத்துக்கு முன் அரைக்கோடிக்கு மேல் விற்ற வண்டி இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று மயங்கிவிடாதீர்கள். வண்டி விலைதான் இறங்கியிருக்கிறது. பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் கை, ஒரு ஹெட்லைட் என்று எதைக் கேட்டாலும் அது இன்னும் அரைக்கோடி வண்டியின் உதிரிபாக விலையிலேயே இருக்கிறது. தினமும் ஓட்டி, டிராக்கிலும் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆக, நமக்கு எட்டுவது சூடேற்றிய சின்னக் கார்கள். ஃபியட் 2015-இல் கொண்டுவந்த அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். ஸ்டீயரிங்கைப் பிடித்தவுடன் சாலை கைக்கு வந்து பேசும். ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பாகத்துக்காகத் தினம் ஒரு ஊருக்குப் போன் போடும் பொறுமை உள்ளவர்களுக்கே அது ஏற்ற வண்டி. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. நம் பக்கம் நிறைய ஓடுகிறது, போலோ தெரிந்த மெக்கானிக்குகளும் நிறைய இருக்கிறார்கள். 2013 முதல் வந்த 1.2 லிட்டர் வண்டிகளில் இருப்பது உலர் கிளட்ச் வைத்த ஏழு கியர் டி.எஸ்.ஜி. சூட்டிலும் நெரிசலிலும் அந்தக் கியர்பாக்ஸுக்கு வரும் கோளாறு உலகம் முழுக்கப் பேர்போனது. சித்திரை வெயிலில் சேலம் ஐந்து ரோட்டில் ஊர்ந்து போகிறவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும். ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021-இல் வந்தது, 120 குதிரைத்திறன், பின்னாலும் டிஸ்க் பிரேக். இது தயாராகும் இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னைப் பந்தயத் தடமும் இருக்கிறது என்பது கூடுதல் பொருத்தம். சற்றுப் பெரிய பை இருந்தால் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். பழைய ஆசை தீரவேண்டுமென்றால் மறைமலைநகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியெஸ்டா 1.6 எஸ், திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லேன்சர். இவையெல்லாம் நம் மாநிலத்திலேயே பிறந்து, பந்தயமும் ராலியும் கண்ட கார்கள். ஆனால் வயதாகிவிட்டது. பட்டறையும் பொழுதும் கைவசம் இருந்தால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

என்னைக் கேட்டால், பலர் மறந்துபோன ஒரு வண்டியைச் சொல்வேன்: டாட்டா டியாகோ ஜே.டி.பி. 2018 அக்டோபரில் ஆறரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவான ஷோரூம் விலையில் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன், கையால் போடும் கியர். பெயரிலுள்ள 'ஜே' கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸைக் குறிக்கும். நம்மூர் ரேஸ்காரர்கள் உட்கார்ந்து சஸ்பென்ஷனை இறக்கி, ஸ்பிரிங்கையும் டயரையும் மாற்றி, ஸ்டீயரிங்கைத் திருத்தித் தந்த கார். இரண்டு வருஷத்துக்குள் டாட்டாவும் ஜெயமும் சேர்ந்த அந்தக் கூட்டு முடிந்து தயாரிப்பு நின்றுபோனது, செய்த வண்டிகளும் சொற்பம். வெளியே பார்த்தால் டாக்ஸியாக ஓடும் டியாகோவின் அண்ணன் மாதிரி இருப்பதால் கௌரவம் பார்க்கிறவர்கள் தொடுவதில்லை. பாதிப் பாகங்கள் சாதாரண டியாகோவோடு பொது. விலையும் மலைக்க வைக்காது.

கோயம்புத்தூர் என்று சொன்னதும் சொல்லாமல் விட முடியாதது ஒன்று உண்டு. இந்தத் தெற்கில் பந்தயம் என்பது பணக்கார விளையாட்டாக மட்டுமே இருந்த காலத்தில், பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். எண்ணூறு சி.சி.கூட முழுசாக இல்லாத எஞ்சின். 1993-இல் நரேன் கார்த்திகேயன் ஓட்டியதும் அந்த வகைக் கார்தான். அவரே 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வே என்றால் தெரியாதவர்கள் உங்களில் இருக்க மாட்டார்கள். அது ஏன் கரி என்று தெரியாதவர்கள் இருப்பார்கள் என்பதால் சொன்னேன். குதிரைத்திறன் போதவில்லை என்று யாராவது உங்களிடம் சலித்துக்கொண்டால் அந்த எண்ணூறு சி.சி.யை நினைவுபடுத்துங்கள். 2010-இல் தொடங்கிய போலோ கோப்பையில் ஓடியவை டீசல் கார்கள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி வண்டி பார்க்கப் போவோம். இங்கேதான் உங்கள் அப்பாக்களின் படிப்பு வேண்டும்.

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது வண்டியைப் பாருங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். ஆறிய எஞ்சின் எழும்போது வரும் புகை பொய் சொல்லாது. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மோர் நிறத்தில் களிம்பு படிந்திருந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறதா என்ற சந்தேகம் வரவேண்டும். எஞ்சின் ஓடும்போது அந்த வாயில் குபுகுபுவென்று காற்று அடித்தால் அதற்குப் பெயர் பேக் கம்ப்ரஷன் என்று உங்கள் வீட்டு டிரைவருக்குக்கூடத் தெரியும். லாரியில் அதைப் பார்த்தால் விலையைப் பாதியாக்குகிற நாம், காரில் மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

பாடிக்கு ஒரு காந்தம் போதும். துணியில் சுற்றி, கதவு, பின்சக்கரத்தின் மேல்வளைவு, தூண் என்று ஓட்டிப் பாருங்கள். இரும்புத் தகட்டில் திடீரென்று பிடிப்பு தளர்ந்தால் அடியில் பட்டி கனமாக இருக்கிறது. முன் ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம், கதவுக் கீலில் பெயின்ட் உடைந்த கோடு இரண்டும் டிங்கர் வேலையைக் காட்டிக்கொடுக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியின் வெல்டிங்கைப் பாருங்கள். முன்னால் பானெட்டைத் திறந்து இரண்டு பக்கச் சேஸிஸ் கால்களும் நேராக இருக்கின்றனவா, கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பாருங்கள். கீறலும் நசுங்கலும் எனக்குப் பொருட்டில்லை. சேஸிஸ் கால் வளைந்து நிமிர்த்திய வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் டிராக்குக்குக் கொண்டுபோக மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னையில் எத்தனையோ கார்களை முழுக்காட்டின. அவற்றில் சில பளபளவென்று உள்மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்திருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கோடு இருக்கும். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கும். தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் வாசனையே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறது என்று விற்பவர் காட்டுவார். ஆறு வருஷம் வெயிலில் நின்ற ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிக்காது. நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால் அந்த வண்டியை வைத்திருந்தவர் எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ, அதைவிட மோசமான வளைவோ இருக்கிறது.

மீட்டரை நம்பாதீர்கள். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடு மூன்றும் வழுவழுவென்று தேய்ந்த வண்டி முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் எழுதியிருக்கும், வரிசையாக வைத்துப் பாருங்கள். ஓ.பி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பழைய கோளாறுகளையும் படிக்கச் சொல்லுங்கள். அன்று காலையில்தான் எல்லாம் அழிக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அழித்ததற்கான காரணத்தைக் கேளுங்கள்.

இதில் என் அபிப்பிராயம் ஒன்று உங்களில் பலருக்குக் கசக்கும். டிராக்கில் ஓடிய வண்டி என்றதும் பின்வாங்காதீர்கள். ஆயிலையும் பிரேக் ஆயிலையும் காலத்துக்கு முன்பே மாற்றி, நட்டைக்கூட டார்க் ரென்ச் வைத்து முறுக்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ரீமேப் செய்த வண்டிக்குப் பயப்படுங்கள். லேப்டாப்பைச் செருகி அரை மணி நேரத்தில் இருபது முப்பது குதிரைத்திறன் ஏற்றி, இரண்டு வருஷம் கொண்டலாம்பட்டி பைபாஸில் ஓட்டித் தீர்த்து, விற்கும்போது பழைய மென்பொருளை ஏற்றி 'கம்பெனி ஸ்டாக்' என்று சொல்லும் வண்டிகள் சந்தையில் இருக்கின்றன. மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் ஒரேயடியாக மிதித்துப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ பட்ட பாடும் அதில் தெரிந்துவிடும்.

காகிதத்துக்கு வருகிறேன். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கையில் வராமல் முழுப்பணத்தைக் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 வாங்கிவர வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குள் இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். டெல்லி வண்டி சல்லிசு என்பார்கள். பத்து வருஷ டீசலுக்கும் பதினைந்து வருஷப் பெட்ரோலுக்கும் அங்கே வந்த தடையால்தான் அந்தச் சல்லிசு. வரியும் கொண்டுவரும் செலவும் சேர்த்தால் சேலத்து வண்டி விலைக்கே வந்து நிற்கும், வண்டியின் சரித்திரமும் உங்களுக்குத் தெரியாது. பாண்டிச்சேரி பதிவெண்ணோடு இங்கே வருஷக்கணக்கில் ஓடும் பெரிய கார்களின் தலைவலியை யாராவது உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் விலகிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸையும் உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பதினான்கு நாள் தாண்டினால், வண்டிக்குச் சேதம் என்று போகும்போது கம்பெனி கைவிரிக்க இடமுண்டு.

விலையைப் பற்றி ஒரே வரி: உங்களிடம் ஒன்பது லட்சம் இருந்தால் ஆறு லட்சத்து வண்டியைப் பாருங்கள். மிச்சம் மூன்றில் பாதி முதல் மாசமே போய்விடும். எல்லா ஆயிலும் பெல்ட்டும் புது டயரும் பிரேக் பேடும் விற்றவர் சொல்லை நம்பி ஒத்திப்போடும் சமாசாரமில்லை. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் இப்போது பங்கில் வரும் இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ரப்பர்க் குழாய்கள் எப்படி இருக்கின்றன என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற பாதியைத் தொடாதீர்கள். சைலன்சர், ஸ்பாய்லர், கறுப்பு ஃபிலிம் என்று அதைக் கரைத்தால் டிராக்கை நீங்கள் பார்க்கவே போவதில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிச் சாலையில் ஓட்டக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாற்ற ஆசைப்பட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத இரண்டை மாற்றுங்கள்: நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில்.

அந்தப் பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிராக்கில் முதல் முறை வருகிறவர்களைப் பயமுறுத்துவது அதுதான். தொப்பூர் கணவாய் இறக்கம் உங்களுக்குத் தெரியும். 2024 ஜனவரியில் அந்தச் சரிவில் லாரியும் காரும் மோதித் தீப்பிடித்து நான்கு பேர் இறந்த காட்சியை எல்லாரும் செல்போனில் பார்த்தோம். அந்த மாதிரி இறக்கத்தில் கியரைப் பிடிக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் காய்ந்து, லைனர் கருகி, மிதித்தாலும் வண்டி நிற்காது. நம் வீட்டு டிரைவர்கள் பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். டிராக்கில் நடப்பதும் இதுவேதான். நேர்ப்பாதையில் ஏற்றிய வேகத்தையெல்லாம் வளைவுக்கு முன் சில நொடிகளில் பிரேக் சூடாக்கித்தான் விழுங்குகிறது, அதுவும் சுற்றுக்குப் பல தடவை. டாட் 4 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரமேறிய ஆயிலுக்குத் தரநிர்ணயம் கேட்பது 155 டிகிரி மட்டும்தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அதனால் டிராக்குக்குப் போகும் முன் பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். நான்கைந்து சுற்று வேகமாகப் போனால் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் ஆறவிடுங்கள். உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

முதல் தடவை செட்டிபாளையத்துக்கே போங்கள். சேலத்திலிருந்து சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி வழியாக மூன்று மணி நேரப் பயணம். இரண்டு கிலோமீட்டர் சொச்சம் நீளம், அடுத்தடுத்து வளைவுகள், வேகம் மிஞ்சிப்போக இடமில்லை. கற்றுக்கொள்ள அதுவே நல்லது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர், நேர்ப்பாதையில் வேகம் நிஜமாகவே ஏறும். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திக்கொண்டிருந்த சென்னைக் கிளப் 1990-இல் அங்கே சொந்தத் தடம் போட்டது. கை பழகிய பிறகு போக வேண்டிய இடம் அது. இரண்டு இடத்திலும் காலையில் விளக்கக் கூட்டம் இருக்கும். அதில் செல்போன் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார், வழிவிட வேண்டும். சிவப்பு என்றால் எல்லாரும் மெதுவாக உள்ளே வர வேண்டும். ஹெல்மெட், மூடிய ஷூ, பருத்திச் சட்டை. வண்டிக்குள் தண்ணீர் பாட்டில் முதல் விநாயகர் பொம்மை வரை கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.

பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். தனியார் கார் இன்சூரன்ஸில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அச்சடித்தே இருக்கும். டிராக்கில் சுவரில் இடித்தால் செலவு முழுக்க உங்களுடையது. முழுக்கடனில் வாங்கிய வண்டியை டிராக்குக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உடைந்தாலும் தவணை நிற்காது. இடித்தால் தாங்கக்கூடிய விலையில் வண்டி இருக்க வேண்டும். மறுபடியும் அந்தச் சின்ன டியாகோவுக்கே வந்து நிற்கிறேன் பாருங்கள்.

தினசரி ஓட்டத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கினால் மல்லசமுத்திரத்து வேகத்தடை ஒவ்வொன்றும் உங்களிடம் கணக்குக் கேட்கும். டிராக்குக்கென்று பாதி வழுக்கை டயர் போட்டு அதையே தினமும் ஓட்டினால் ஐப்பசி மழையில் ரோட்டில் பிடிமானம் இருக்காது. சாதாரணச் சாலை டயரில் நல்லதாகப் பார்த்து ஒரே செட் போதும். ஆரம்பத்தில் அதுதான் நல்ல வாத்தியார், வழுக்குவதற்கு முன் சத்தம் போட்டுச் சொல்லும்.

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி, கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி என்று வீடியோ போடுகிறவர்களே, காரவள்ளியிலிருந்து மேலேறும் அந்தச் சாலையில் பலாப்பழம் ஏற்றிய வேனும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் எதிரே வருகிறார்கள். அங்கே கொடி காட்ட ஆளில்லை, ஓடித் தப்பிக்கச் சரளைப் பரப்புமில்லை. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் தடவை ஒரு வருஷம், பத்தாயிரம். ஓட்டியது பதினெட்டு நிரம்பாத தம்பி என்றால் வீட்டுப் பெரியவர் மூன்று வருஷம் வரை உள்ளே போக நேரிடும், வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து. சட்டம் கிடக்கட்டும். அந்த விடியற்காலை நான்கு வழிச்சாலையில், கட்டிச்சரக்கு ஏற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் வரும் டிரைவர்களில் ஒருவர் எங்கள் வண்டியையும் ஓட்டிக்கொண்டு வருவார். அவருக்கு உங்கள் வேகம் கண்ணாடியில் தெரிவதற்குள் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் சிரித்துப் பேச எதிர்பார்க்காதீர்கள்.

இதைப் படிக்கும் அப்பாக்கள் இருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'ரெண்டு பேரு உக்கார்ற வண்டிக்கு எதுக்குங்க இவ்ளோ காசு' என்று சொல்லிப் பையனை விரட்டிவிடாதீர்கள். விரட்டினால் அவன் நண்பனின் வண்டியை இரவல் வாங்கிப் பைபாஸில் ஓட்டுவான். பதிலாக வண்டி பார்க்கக் கூடவே போங்கள். போர்வெல் ரிக் வண்டியின் கம்ப்ரஷர் சத்தத்தைக் கேட்டே வேலை என்ன என்று சொல்கிற காதுக்கு, ஒரு டர்போ காரின் சத்தம் புரியாமலா போகும்? முடிந்தால் செட்டிபாளையத்துக்கும் ஒரு நாள் வந்து பாருங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது ஐந்து நிமிஷத்தில் நீங்களே பையனுக்கு வளைவில் கோடு சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வண்டி அமைந்ததும் நாமக்கல் ஆஞ்சநேயருக்குப் பூஜை போட்டுவிட்டு, முதல் ஒரு மாசம் வேலைக்கு மட்டும் ஓட்டுங்கள். எங்கே சத்தம் வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். டிராக்கிலிருந்து திரும்பிய இரவே வீல் நட்டை மறுபடி முறுக்கி, பேடில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, காற்றைப் பழைய அளவுக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் காலையில் அதே வண்டியில்தான் வேலைக்குப் போக வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது கூட ஆள் வேண்டுமென்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குத் தோது. டார்ச்சும் ஸ்கேனரும் என்னிடம் இருக்கின்றன. காந்தத்தை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் அக்கா